ஆமைக்கு வழிவிடுங்க! கோஸ்டா ரிகா பசுமைப் பயணம்: கைடோடு போகலாமா, நாமே சுற்றலாமா?

2015 செப்டம்பர் மாதம். மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிகாவின் பசிபிக் கரையில் இருக்கும் ஆஸ்டியோனல் என்ற சின்ன ஊர். ஆயிரக்கணக்கான ஆலிவ் ரிட்லி ஆமைகள் கூட்டம் கூட்டமாகக் கரையேறி முட்டையிடும் இடம் அது. அந்த முறையும் ஆமைகள் வந்தன. ஆனால், மணலில் அவற்றுக்கு முன்பே மனிதர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகள். எல்லோர் கையிலும் செல்போன், கேமரா. சிலர் தங்கள் குழந்தையைத் தூக்கி ஆமையின் முதுகில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். அங்கிருந்த சில காவலர்களால் கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை. கடல் தாண்டி வந்த ஆமைகளில் பல, வழி கிடைக்காமல் முட்டையிடாமலேயே திரும்பிப் போயின. அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் பரவி, பலரையும் பதறவைத்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே நின்றவர்கள் வேட்டைக்காரர்கள் கிடையாது. இயற்கையைப் பார்க்க ஆசைப்பட்டு, குடும்பத்தோடு வந்தவர்கள்தான். ஆசை இருந்தது. எப்படிப் பார்க்க வேண்டும் என்ற திட்டமும், சொல்லித்தர ஆளும் இல்லை.

'எக்கோ டூரிஸம்' என்ற வார்த்தை இன்று எல்லா டிராவல் விளம்பரங்களிலும் இருக்கிறது. அதற்கு உலகமே உதாரணம் காட்டும் நாடு கோஸ்டா ரிகா. அங்கே ஒரு பயணம் போக வேண்டுமென்றால் எப்போது போகலாம், எங்கே கைடு கட்டாயம், எங்கே நாமே சுற்றலாம், எதற்கெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மதுரைக்கு நேர்கோட்டில் ஒரு நாடு!

உலக வரைபடத்தை எடுத்து மதுரையில் விரலை வைத்து, மேற்கே நேராக இழுத்துக்கொண்டே போனால், அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லான்டிக் எல்லாம் தாண்டி கோஸ்டா ரிகாவின் தலைநகர் சான் ஹோசேயில் போய் நிற்கும். இரண்டு நகரங்களும் பூமத்திய ரேகையிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில், 10 டிகிரி வடக்கை ஒட்டி இருக்கின்றன. ஆனால், சான் ஹோசே கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருப்பதால் மதுரை வெயில் அங்கே கிடையாது.

நாட்டின் மொத்தப் பரப்பு சுமார் 51,100 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. மக்கள்தொகை 50 லட்சத்தை ஒட்டி. மேற்கே பசிபிக், கிழக்கே கரீபியன் கடல், நடுவே மலைகளும் எரிமலைகளும். காலையில் ஒரு கடலில் கால் நனைத்துவிட்டு, மாலையில் இன்னொரு கடலில் நனைக்கலாம் என்கிற அளவுக்கு ஒல்லியான நாடு.

இந்தச் சின்ன இடத்தில் 900-க்கும் மேற்பட்ட பறவை வகைகள் பதிவாகியிருக்கின்றன. இதைவிட 60 மடங்குக்கும் பெரிய நம் இந்தியாவில் சுமார் 1,300 வகைகள் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் காடுகளின் செழிப்பு புரியும். உலகின் உயிரினங்களில் சுமார் 5 சதவிகிதம் அங்கே இருப்பதாக மதிப்பிடுகிறார்கள்.

இன்னொரு சுவாரஸ்யம்... இந்த நாட்டுக்கு ராணுவமே கிடையாது. 1948-ல் உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, ஹோசே ஃபிகரெஸ் தலைமையிலான அரசு ராணுவத்தைக் கலைத்துவிட்டது. 1949-ல் வந்த அரசியலமைப்புச் சட்டத்திலும் அதை எழுதிவைத்துவிட்டார்கள்.

வெட்டிய காடு திரும்பி வந்த கதை

கோஸ்டா ரிகா எப்போதும் இப்படிப் பச்சையாக இருந்ததில்லை. மாட்டுப் பண்ணைக்கும் விவசாயத்துக்கும் மரக்கடைக்கும் காட்டை வெட்டித் தள்ளியதில், 1980-களில் நாட்டின் நிலப்பரப்பில் கால் பங்கை ஒட்டித்தான் காடு மிஞ்சியிருந்தது.

அதன் பிறகு விழித்துக்கொண்டார்கள். 1996-ல் வந்த வனச் சட்டம், காட்டு நிலத்தை வேறு எதற்கும் மாற்றக் கூடாது என்று தடை போட்டது. தடை மட்டும் போட்டால் விவசாயி என்ன செய்வார்? அதற்கும் வழி கண்டார்கள். தன் நிலத்தில் இருக்கும் காட்டை வெட்டாமல் காப்பாற்றுபவருக்கு அரசே பணம் கொடுக்கும் திட்டம் 1997-ல் தொடங்கியது. அந்தப் பணத்தில் பெரும்பங்கு பெட்ரோல், டீசல் மீதான வரியிலிருந்து வந்தது. வண்டி புகை விட்டால், மரத்துக்குக் காசு!

இன்று நாட்டில் பாதிக்கும் மேல் மறுபடி காடு. நிலப்பரப்பில் சுமார் கால் பங்கு, தேசியப் பூங்காக்களும் சரணாலயங்களுமாகப் பாதுகாக்கப்படுகிறது. காட்டைப் பார்க்க வரும் பயணிகளின் பணமும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். மரத்தை வெட்டி விற்றால் ஒருமுறைதான் பணம், நிற்கவைத்துக் காட்டினால் வருஷாவருஷம் பணம் என்ற கணக்கு ஊர்க்காரர்களுக்குப் புரிந்தது.

அதனால்தான் அங்கே போகும் ஒவ்வொருவரின் நடத்தையும் முக்கியமாகிறது. நீங்கள் கொடுக்கும் பணம் காட்டைக் காப்பாற்றவும் செய்யலாம், ஆஸ்டியோனலில் நடந்ததைப்போலக் கெடுக்கவும் செய்யலாம்.

எந்த விடுமுறைக்கு எந்தக் கரை?

அங்கே நம்மைப்போல நான்கு பருவங்கள் பேசுவதில்லை. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வறண்ட காலம். மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். இதைச் சுற்றுலாத் துறையினர் 'பசுமைக் காலம்' என்று அழகாகச் சொல்கிறார்கள். ஆனால், இது பசிபிக் பக்கத்துக் கணக்கு. கரீபியன் பக்கத்தில் வருஷம் முழுக்க மழை உண்டு. பசிபிக் பக்கம் கொட்டித் தீர்க்கும் செப்டம்பர், அக்டோபரில்தான் கரீபியன் பக்கம் ஓரளவு வெயில் அடிக்கும்.

நம் வீட்டுப் பிள்ளைகளின் விடுமுறையை வைத்துப் பார்த்தால் கணக்கு இப்படி வரும்.

அரையாண்டு விடுமுறை: வறண்ட காலத்தின் தொடக்கம். நடைக்கும் கடற்கரைக்கும் ஏற்றது. ஆனால், கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கு உலகமே அங்கே வந்து நிற்கும். அறை வாடகை உச்சத்தில் இருக்கும். பல மாதங்கள் முன்பே புக் செய்ய வேண்டும்.

மே விடுமுறை: மழை ஆரம்பிக்கும் நேரம். பெரும்பாலும் காலையில் வெயில், பிற்பகலில் மழை. கூட்டம் குறைவு, வாடகையும் குறைவு. மலைக்காடுகளில் கெட்ஸல் பறவை கூடு கட்டும் பருவத்தின் கடைசிப் பகுதி. நீளமான பச்சை வாலும் சிவப்பு வயிறும் கொண்ட இந்தப் பறவையைப் பார்க்கவே உலகம் முழுக்கவிருந்து ஆட்கள் வருகிறார்கள். காலையிலேயே காட்டுக்குள் போய்விட்டு, மழைக்கு முன் அறைக்குத் திரும்பும் பழக்கம் இருந்தால் மே மாதம் நல்ல தேர்வு.

காலாண்டு விடுமுறை: செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம். கரீபியன் கரைக்குப் போக ஏற்ற நேரம். டார்ட்டுகேரோவில் பச்சை ஆமைகள் முட்டையிடும் பருவம் ஜூலையில் தொடங்கி அக்டோபரில் முடியும். ஆஸ்டியோனலிலும் ஆமைகள் பெருங்கூட்டமாக வரும் மாதங்கள் இவை. ஆனால், அங்கே பசிபிக் பக்கத்துச் சாலைகள் மழையில் மோசமாக இருக்கும். பத்து நாள்தான் கையில் இருக்கிறதென்றால், ஒரு கரையை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

கைடு கட்டாயம்... இந்த இடங்களில்!

'கைடு வைத்தால் செலவு, யூடியூப் பார்த்துக் கிளம்பிவிடலாம்' என்று தோன்றலாம். கோஸ்டா ரிகாவில் சில இடங்களில் அந்தத் தேர்வே கிடையாது.

முதலாவது, கார்கோவாடோ தேசியப் பூங்கா. தென்மேற்கு மூலையில் இருக்கும் ஓசா தீபகற்பத்தில் 1975-ல் உருவாக்கப்பட்ட பூங்கா இது. கோஸ்டா ரிகாவின் நான்கு வகைக் குரங்குகளும் இங்கே உண்டு. டேபிர் என்ற பெரிய தாவர உண்ணி, செந்நிற மக்காவ் கிளிகள், ஆற்று முகத்துவாரத்தில் முதலைகள் என்று உண்மையான அடர்காடு. 2014 முதல், சான்று பெற்ற கைடு இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. ஒருநாளைக்கு இத்தனை பேர்தான் என்ற கட்டுப்பாடும் உண்டு. பயணத் தேதி முடிவானதும் முதல் வேலையாக இதற்கு முன்பதிவு செய்துவிட வேண்டும்.

இரண்டாவது, டார்ட்டுகேரோ. இதுவும் 1975-ல் தேசியப் பூங்கா ஆனது. பெயரிலேயே ஆமை இருக்கிறது. ஸ்பானிஷ் மொழியில் 'டார்ட்டுகா' என்றால் ஆமை. இந்த ஊருக்குச் சாலையே கிடையாது. படகில் போக வேண்டும், இல்லையென்றால் குட்டி விமானத்தில். ஒரு காலத்தில் சூப்புக்காக ஆமைகளைப் பிடித்து ஏற்றுமதி செய்த கரை இது. 1950-களில் ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க உயிரியலாளர் இங்கே ஆய்வைத் தொடங்கினார். 1959-லிருந்து அவர் வழிவந்த அமைப்பு ஆமைகளைக் கணக்கெடுத்துப் பாதுகாத்துவருகிறது.

இங்கே இரவில் ஆமை பார்க்கப் போவதென்றால் சான்று பெற்ற கைடோடு, சிறு குழுவாக மட்டுமே போகலாம். அடர்நிற உடை அணிய வேண்டும். டார்ச் கூடாது. செல்போன், கேமரா வெளியே எடுக்கவே கூடாது. ஆமை குழி தோண்டி முட்டையிடத் தொடங்கிய பிறகுதான் அருகே அழைத்துப்போவார்கள். கைடு மட்டும் மங்கலான சிவப்பு விளக்கைப் பயன்படுத்துவார். இவ்வளவு கெடுபிடி எதற்கு? வெளிச்சத்தையும் நடமாட்டத்தையும் பார்த்தால் ஆமை பயந்து திரும்பிவிடும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளோ வெளிச்சம் இருக்கும் திசைதான் கடல் என்று நினைத்துத் தவறான பக்கம் போய்விடும்.

'போட்டோ எடுக்க முடியாவிட்டால் எதற்குப் போக வேண்டும்?' என்று கேட்கும் பிள்ளைகளிடம் இதைக் கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுங்கள். அங்கே போய் இருட்டில் பேசினால் அடம்பிடிப்பார்கள்.

மூன்றாவது, ஆஸ்டியோனல். ஆமைகளின் பெருங்கூட்ட வருகையை 'அரிபாடா' என்கிறார்கள். பெரும்பாலும் தேய்பிறை நாட்களை ஒட்டி வரும். சில நாட்கள் நீடிக்கும். உள்ளூர் கைடோடு போய்ப் பார்ப்பதுதான் முறை. இந்த ஊரில் இன்னொரு ஆச்சர்யம் உண்டு. 1987 முதல் ஊர்மக்கள் ஆமை முட்டைகளைச் சட்டப்படியே எடுத்து விற்கிறார்கள்! ஒரு அரிபாடாவின் முதல் கட்டத்தில் இடப்படும் முட்டைகளை, பின்னால் வரும் ஆமைகளே தோண்டி உடைத்துவிடும். எப்படியும் வீணாகப்போகும் அந்த முட்டைகளில் ஒரு பகுதியை மட்டும் எடுக்க அனுமதி. அதற்குப் பதிலாக ஊர்க்காரர்கள் கரையைச் சுத்தம் செய்து, திருட்டைத் தடுத்து, குஞ்சுகளைக் காவல் காக்கிறார்கள். ஆமை பிழைத்தால்தான் ஊரும் பிழைக்கும் என்ற ஏற்பாடு.

நாமே சுற்ற ஏற்ற இடங்கள்

எல்லா இடத்துக்கும் கைடு தேவையில்லை. பாதை தெளிவாக இருக்கும் பூங்காக்கள் பல உண்டு.

பசிபிக் கரையில் மேனுவல் அன்டோனியோ நாட்டிலேயே சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. காடும் கடற்கரையும் ஒட்டியே இருக்கும். நடைபாதை வசதியாக இருப்பதால் தாத்தா பாட்டி, சின்னக் குழந்தைகளுடன் வருபவர்களுக்கு ஏற்றது. டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே வாங்க வேண்டும், வாசலில் கிடைக்காது. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதையும் மறக்க வேண்டாம். வாசலில் பையைச் சோதிப்பார்கள். தின்பண்டம் எடுத்துப்போக முடியாது. நம் மலைக்கோயில் குரங்குகளைப்போலவே அங்கேயும் குரங்குகள் பையைப் பறித்துப் பழகியதால் வந்த விதி இது.

கரீபியன் கரையில் கவீட்டா. ஊர்மக்களும் அரசும் சேர்ந்து நிர்வகிக்கும் பூங்கா. கடலை ஒட்டியே சமதளமான நடைபாதை.

வடக்கே அரெனால் எரிமலை. 1968 ஜூலையில் திடீரென வெடித்து 80-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட மலை. அதன் பிறகு 2010 வரை விடாமல் நெருப்பைக் கக்கியது. இப்போது அமைதியாக இருக்கிறது. பழைய எரிமலைக் குழம்பு உறைந்த பாதைகளில் நாமே நடக்கலாம். அருகே லா ஃபோர்டுனா என்ற ஊரில் தங்கலாம்.

மொன்டேவெர்டே மலைக்காட்டிலும் தனியாக நடக்கலாம். ஆனால், ஒரு நாளாவது கைடு வைப்பது நல்லது.

கைடு காட்டும் காடு வேறு

சுற்றுலாப் பயணிகள் அங்கே முதலில் தேடுவது ஸ்லாத்தைத்தான். நம் ஊர் தேவாங்கு வேறு, இது வேறு. மரத்திலேயே தூங்கி, மரத்திலேயே தின்று, வாரத்துக்கு ஒருமுறை மட்டும் மலம் கழிக்க மெதுவாகக் கீழே இறங்கி வரும் சோம்பேறிப் பிராணி. 2021-ல் இதை நாட்டின் தேசியச் சின்னங்களில் ஒன்றாகவே அறிவித்துவிட்டார்கள்.

தனியாகப் போகும் குடும்பம் இரண்டு மணி நேரம் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம் என்று திரும்பலாம். உச்சிக்கிளையில் அது ஒரு மூட்டையைப்போலத்தான் தெரியும். கைடு அதே மரத்தடியில் டெலஸ்கோப்பை நிறுத்தி, 'இப்போ பாருங்க' என்பார். கண்ணும் மூக்கும் சிரிப்பதுபோன்ற வாயும் தெரியும்.

அதனால் பலரும் சொல்லும் யோசனை, பாதிக்குப் பாதி. ஒரு ஊருக்குப் போனதும் முதல் நாள் காலை கைடோடு நடங்கள். எந்த மரத்தில் எதைத் தேட வேண்டும், எந்தச் சத்தம் எந்தக் குரங்கு என்று கண்ணும் காதும் பழகிவிடும். அடுத்த நாள் நீங்களாகவே போங்கள். செலவும் குறையும், நீங்களே கண்டுபிடிக்கும் சந்தோஷமும் கிடைக்கும்.

முழுக்க முழுக்க ஒரு நிறுவனமே அழைத்துப்போகும் பேக்கேஜ் யாருக்கு ஏற்றது? முதன்முறை வெளிநாடு போகிறவர்கள், வயதானவர்களுடன் போகிறவர்கள், ஸ்பானிஷ் ஒரு வார்த்தையும் தெரியாமல் தயங்குகிறவர்கள். பேக்கேஜில் ஒரே ஒரு தொல்லை, நாளுக்கொரு ஊர் என்று ஓடவைப்பார்கள். ஒரு ஊரில் குறைந்தது இரண்டு இரவு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தனியாகப் போகிறவர்கள் கார் எடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டியது சில. அங்கே வண்டி சாலையின் வலதுபக்கம் ஓடும். வரைபடத்தில் 140 கிலோமீட்டர் என்று இருக்கும் சான் ஹோசே - மொன்டேவெர்டே பயணத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இரவில் மலைச்சாலையில் ஓட்டாமல் இருப்பது நல்லது. மழைக்காலத்தில் ஓடையைக் காரோடு கடக்க முயலவே கூடாது. ஆன்லைனில் காட்டும் கார் வாடகையில் அந்த நாட்டின் கட்டாயக் காப்பீடு சேராமல் இருக்கலாம். மொத்தம் எவ்வளவு என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கார் வேண்டாம் என்றால், ஊருக்கு ஊர் பகிர்வு வேன்களும் அரசு அனுமதி பெற்ற பஸ்களும் உண்டு. அரெனாலிலிருந்து மொன்டேவெர்டேவுக்கு ஏரியைப் படகில் கடந்து, அந்தப் பக்கம் வேன் ஏறும் வழி நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

மேகக்காட்டில் இரண்டு கதைகள்

மொன்டேவெர்டே பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1951-ல் அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து சில குவேக்கர் குடும்பங்கள் இங்கே வந்து குடியேறின. போரில் சேர மறுக்கும் மதப்பிரிவினர் அவர்கள். கட்டாய ராணுவ சேவை வேண்டாம் என்று சொன்னவர்கள், ராணுவமே இல்லாத நாட்டைத் தேடி வந்தார்கள். மாடு வளர்த்தார்கள், சீஸ் தயாரித்தார்கள். ஊருக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக மலை உச்சிக் காட்டைத் தொடாமல் விட்டார்கள். அந்தக் காட்டையும் சேர்த்துத்தான் 1972-ல் தொடங்கிய காப்புக்காடு வளர்ந்தது.

பக்கத்திலேயே 'குழந்தைகளின் நிரந்தர மழைக்காடு' இருக்கிறது. 1987-ல் ஸ்வீடனின் ஒரு கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள், மழைக்காடு அழிகிறது என்று வகுப்பில் கேட்டுவிட்டு, 'நாம் காசு சேர்த்து அதை வாங்கிவிடலாமா?' என்றார்கள். நாடகம் போட்டார்கள், பொருள் விற்றார்கள், பணம் அனுப்பினார்கள். பல நாட்டுக் குழந்தைகளும் சேர்ந்துகொள்ள, இன்று 20,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்து, நாட்டின் மிகப்பெரிய தனியார் காப்புக்காடாக நிற்கிறது.

இது சந்தோஷமான கதை. இன்னொன்று அப்படியில்லை. இதே மலையில் மட்டும், உலகில் வேறெங்கும் இல்லாத பொன்னிறத் தேரை ஒன்று வாழ்ந்தது. 1980-களின் நடுவில்கூட மழைக்குட்டைகளில் நூற்றுக்கணக்கில் கூடியது. 1989-ல் கடைசியாக ஒன்று கண்ணில் பட்டது. அதோடு சரி. 2004-ல் அழிந்துபோன இனம் என்று அறிவித்துவிட்டார்கள். தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோயும் மாறிய தட்பவெப்பமும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. காட்டைக் காப்பாற்றியும் தேரையைக் காப்பாற்ற முடியவில்லை. வேலி போட்டால் மட்டும் போதாது என்பதை மொன்டேவெர்டே அப்போதே பார்த்துவிட்டது.

'எக்கோ' போர்டு மாட்டினால் எக்கோவா?

புக் செய்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

சான்று இருக்கிறதா? 1997 முதல் அந்நாட்டின் சுற்றுலாத் துறை, ஹோட்டல்களுக்கும் டூர் நிறுவனங்களுக்கும் 'சி.எஸ்.டி' என்ற நிலைத்தன்மைச் சான்று கொடுக்கிறது. தண்ணீர், மின்சாரம், குப்பை, உள்ளூர் மக்களுக்கு வேலை என்று பலவற்றைப் பார்த்துத் தரும் சான்று. கைடுகளுக்கும் சுற்றுலாத் துறையின் அடையாள அட்டை உண்டு. கேட்டால் காட்டுவார்கள்.

விலங்கைத் தொடவிடுகிறார்களா? ஸ்லாத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கலாம், குரங்குக்குப் பழம் ஊட்டலாம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். 2019-லேயே அந்நாட்டு அரசு, விலங்குகளுடன் செல்ஃபி வேண்டாம் என்று பிரசாரம் தொடங்கிவிட்டது. 2024-ல் அரசின் கடைசி இரண்டு விலங்குக் காட்சிசாலைகளையும் மூடிவிட்டார்கள்.

பணம் யாருக்குப் போகிறது? உள்ளூர்க்காரர் நடத்தும் சின்ன விடுதி, உள்ளூர் கைடு, உள்ளூர் சாப்பாட்டுக்கடை. இந்த மூன்றும் உங்கள் திட்டத்தில் இருந்தால், காட்டைக் காப்பாற்றும் அந்தக் கணக்கில் நீங்களும் இருக்கிறீர்கள்.

ஆமை வரும் என்று உத்தரவாதம் தருகிறார்களா? தந்தால் நம்பாதீர்கள். காட்டுக்கும் கடலுக்கும் கால அட்டவணை கிடையாது.

விசா, விமானம், சாப்பாடு

இந்திய பாஸ்போர்ட்டுக்குக் கோஸ்டா ரிகா விசா தேவை. டெல்லியில் தூதரகம் இருக்கிறது. பலமுறை நுழைய அனுமதிக்கும் அமெரிக்க விசா கையில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. இந்த விதிகள் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். நேரடி விமானம் கிடையாது. ஐரோப்பா வழியாகவோ அமெரிக்கா வழியாகவோ போகலாம். அமெரிக்கா வழியென்றால் விமானம் மாறுவதற்கே விசா வேண்டும். ஐரோப்பாவிலும் சில நாடுகளில் ட்ரான்ஸிட் விசா கேட்கலாம். தென் அமெரிக்க நாடுகள் வழியாகப் போவதாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விதிகளை, போகும்போதும் இந்தியா திரும்பும்போதும், கட்டாயம் பாருங்கள்.

பணத்தின் பெயர் கொலோன். சுற்றுலா ஊர்களில் டாலரும் செல்லும். உணவகப் பில்லில் 13 சதவிகித வரியும் 10 சதவிகித சேவைக் கட்டணமும் இருக்கும். மின்சாரம் 120 வோல்ட், பிளக் அமெரிக்க வகை. அடாப்டர் எடுத்துப்போங்கள். நம்மைவிடப் பதினொன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும் நாடு என்பதால், வீட்டுக்கு வீடியோ கால் பேச அவர்களின் காலை வேளைதான் வசதி.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். காலையிலேயே 'காயோ பின்டோ' கிடைக்கும். சோறும் கறுப்பு பீன்ஸும் சேர்த்து வதக்கியது. மதியம் 'கசாடோ' தட்டில் சோறு, பீன்ஸ், சாலட், வறுத்த பழுத்த வாழைப்பழம். கறி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சைவச் சாப்பாடு தயார். 'சோடா' என்று போர்டு மாட்டியிருந்தால் அது கோலி சோடா கடை அல்ல, உள்ளூர்ச் சாப்பாட்டுக்கடை. விலையும் குறைவு. ஊறுகாய் பாட்டில் ஒன்று பெட்டியில் இருந்தால் பத்து நாளும் ஓடிவிடும்!

பையில் வைக்க வேண்டியவை: மழைக்கோட்டு, முழுக்கை உடை, கொசு விரட்டி, பைனாகுலர், தண்ணீர் பாட்டில். டெங்கு உள்ள நாடு என்பதால் கொசு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். ஆனால், கொசு மருந்து தடவிய கையால் தவளையைத் தொடக் கூடாது. அதன் தோல் அந்த ரசாயனத்தை உறிஞ்சிவிடும். அடர்காட்டில் விஷப்பாம்புகளும் உண்டு. கைடு ரப்பர் பூட்ஸ் போடச் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

பத்து நாள் திட்டம்... ஒரு மாதிரி

முதல் நாள் சான் ஹோசே வந்து ஓய்வு. 2, 3 டார்ட்டுகேரோ, கைடோடு. 4, 5 அரெனால், நீங்களாகவே. 6, 7 மொன்டேவெர்டே, ஒரு நாள் கைடு, ஒரு நாள் தனியாக. 8, 9 மேனுவல் அன்டோனியோ, நீங்களாகவே. போகும் வழியில் டார்க்கோலெஸ் ஆற்றுப்பாலத்தில் நின்று கீழே படுத்திருக்கும் முதலைகளைக் காசு கொடுக்காமல் பார்க்கலாம். 10-ம் நாள் சான் ஹோசே. கார்கோவாடோ வேண்டுமென்றால் இதில் இரண்டு ஊர்களைக் கழித்துவிட்டு மூன்று நாள் ஒதுக்குங்கள். பத்து நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட நினைத்தால், அதிகம் பார்ப்பது வேன் ஜன்னலைத்தான்.

கிளம்பும் முன் ஒரு ஒத்திகை

இவ்வளவு தூரம் பறப்பதே சுற்றுச்சூழலுக்குச் சுமைதான். இந்தப் பயணத்தில் வெளியேறும் புகையில் பெரும்பங்கு விமானத்துடையதாகவே இருக்கும். அதனால் போனால் ஒருமுறை போங்கள், நிறைய நாள் தங்குங்கள், நிதானமாகப் பாருங்கள்.

அதற்கு முன், காசே செலவில்லாத ஒரு ஒத்திகை சென்னையிலேயே இருக்கிறது. ஆஸ்டியோனலில் மனிதர்களைப் பார்த்துத் திரும்பிப்போன அதே ஆலிவ் ரிட்லி இனம்தான் நம் கரைக்கும் வருகிறது. நம் மீனவர்கள் அதைப் பங்குனி ஆமை என்பார்கள். 1988-லிருந்து மாணவர்களின் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு, ஜனவரியிலிருந்து சில மாதங்கள் இரவு முழுக்க நீலாங்கரை, பெசன்ட் நகர் பக்கம் நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் வைத்துக் குஞ்சு பொரிக்கவைக்கிறது. பொதுமக்களும் சில இரவுகளில் சேர்ந்து நடக்கலாம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியதைச் செய்திகளில் பார்த்தவர்களுக்கு, அந்த நடை எவ்வளவு அவசியம் என்பது தெரியும்.

பிள்ளைகளோடு ஓர் இரவு அங்கே நடந்து பாருங்கள். செல்போனைப் பையில் போட்டுவிட்டு, டார்ச் இல்லாமல், பேசாமல், சில மணி நேரம். ஆமை வரலாம், வராமலும் போகலாம். வராத இரவிலும் 'இன்னொரு நாள் வரலாம்ப்பா' என்று பிள்ளை சொன்னால், கோஸ்டா ரிகாவுக்குத் தாராளமாக டிக்கெட் போடலாம்!